ஐந்நூறு மீட்டருக்கு அப்பால்: பழனி மலையும் இரண்டு கடற்கரைகளும்

இந்தியச் சட்டத்தில் கடற்கரைக்கு ஓர் அகலம் உண்டு. உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர். 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இந்த எல்லையை வகுத்தது. 2011இலும் 2019இலும் புதிய அறிவிக்கைகள் வந்து பலவற்றை மாற்றியபோதும் அந்த 500 மீட்டர் நிலைத்துவிட்டது. ஓதம் ஏறி இறங்கும் கழிமுகங்களில் மட்டும் இரு கரையோரமும் ஒரு குறுகிய பட்டை சேரும். அதற்கு மேலே நடப்பதெல்லாம் வேறு துறை, வேறு சட்டம், வேறு கோப்பு.

கரையில் கட்டடம் எழும்புவதைக் கட்டுப்படுத்த இந்தக் கோடு போதும். கடலோர உயிர்ச்சூழல் ஏன் நலிகிறது என்று ஆராயப் போதாது. அலையாத்திக் காட்டு மண்ணின் உப்பு, கடற்புல் படுகைக்குக் கிடைக்கும் வெளிச்சம், கழிமுகச் சேற்றில் படியும் உலோகம், முகத்துவாரம் வழியே உள்ளே ஏறும் மீன்குஞ்சு ஆகிய எல்லாவற்றிலும் ஆற்றுக்குப் பங்கு உண்டு. ஆறு மலையில் பிறக்கிறது. ஆகவே கடலோர ஆய்வு ஏதோ ஒரு கட்டத்தில் மலையேறித்தான் ஆக வேண்டும்.

அப்படி ஏறுவதற்குப் பழனி மலை மிகப் பொருத்தமான இடம். சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலைத்தொகுதி, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு, காவிரி வடிநிலத்துக்கும் வைகை வடிநிலத்துக்கும் நடுவே வரப்பாகக் கிடக்கிறது. வடக்குச் சரிவில் பெய்யும் மழை சண்முக நதி, நங்காஞ்சி, குடகனாறு வழியாக அமராவதிக்கும், கரூருக்கு அருகே காவிரிக்கும் போய், டெல்டாவைத் தாண்டி வங்கக் கடலை நோக்குகிறது. தெற்குச் சரிவின் மழை மஞ்சளாறு, வராக நதி, மருதாநதி வழியாக வைகைக்குப் போய், ராமநாதபுரத்தைத் தாண்டிப் பாக் விரிகுடாவை நோக்குகிறது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் இந்த இரண்டு கடற்கரைகளுக்கும் தலைமடை.

மலையில் கொட்டிய மாசு நேராகக் கடலில் போய்க் கலக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம் அல்ல. நடந்திருப்பது வேறு. ஆறுகள் கடலை எட்டுவது குறைந்துபோனதால், கழிமுகத்தில் நடக்க வேண்டியவற்றில் பாதி இப்போது அணைகளிலும் கண்மாய்களிலும் நடக்கிறது. கழிமுகத்துக்கென்று வளர்ந்த ஆய்வு முறைகள் அங்கே போய்ச் சேராதவரை, மலைக்கும் கடலுக்கும் நடுவில் நடப்பதற்கு யாரும் பொறுப்பாளி இல்லை.

கரையில் கற்ற பாடம்

தமிழகக் கடலோர ஆய்வுக்கு இரண்டு பழைய மையங்கள் உண்டு. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் வேரூன்றியது. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் வளர்ந்தது. இங்கெல்லாம் தொடக்கத்தில் நடந்த பணி பெரும்பாலும் பட்டியல் போடுவது: என்ன மீன், என்ன மிதவை உயிரி, எந்தப் பருவத்தில் எவ்வளவு உப்பு. மனிதக் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்ற கேள்வி பின்னால் வந்தது.

மன்னார் வளைகுடாவில் அந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் விடை எளிமையானது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறையைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பாறை போனதும் தீவு கரைந்தது. 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீரில் மூழ்கின. 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. கேட்டைச் செய்த கையும் கேடுற்ற பாறையும் ஒரே தண்ணீரில் இருந்ததால், இங்கே தடைச் சட்டம் பலனளிக்க முடிந்தது.

பிச்சாவரம் கற்றுக்கொடுத்தது வேறு வகைப் பாடம். அங்கே அலையாத்திக் காட்டின் நடுப்பகுதிகள் மொட்டையாகிக் கிடந்தன. ஊர்மக்கள் விறகுக்கு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்பது நெடுநாள் நம்பிக்கை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மண்ணை அளந்து பார்த்தபோது கதை மாறியது. பிரிட்டிஷ் காலத்திலிருந்து வனத்துறை கூறு கூறாகப் பிரித்து மொத்தமாக வெட்டிய முறையால், வெயில் பட்ட சேறு வற்றி அமுங்கிப் பள்ளமானது. பள்ளத்தில் ஏறிய ஓதநீர் வடியவில்லை. தேங்கிக் காய்ந்து, காய்ந்து உப்பேறி, விதை விழுந்தாலும் முளைக்காத நிலமாகிவிட்டது. தீர்வும் அதிலிருந்தே பிறந்தது. மீன்முள் வடிவில் நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓதம் வந்துபோக வழிசெய்தார்கள். உப்பு இறங்கியது. நட்ட கன்று பிழைத்தது.

ஆனால் அந்த வாய்க்காலால் சரிசெய்ய முடியாத ஒரு குறை மிஞ்சியது. கொள்ளிடம் வழியாக வந்த நன்னீர் கடந்த நூற்றாண்டில் வெகுவாகக் குறைந்துவிட்டது. உப்பைத் தாங்காத கண்டல் இனங்கள் அருகி, எவ்வளவு உப்பையும் சமாளிக்கும் வெண்கண்டல் காட்டைப் பிடித்துக்கொண்டது. ஓதத்தைத் திறந்துவிட மண்வெட்டி போதும். நன்னீரைக் கொண்டுவர அது போதாது. அந்தக் கணக்கு மேட்டூரிலும் பவானியிலும் அமராவதியிலும் தீர்மானமாகிறது.

எல்லாக் கடலோர வாழிடங்களுக்கும் ஆற்றிடம் ஒரே தேவை இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். வண்டல் சுமந்து வரும் ஆறு அதற்குப் பகை. அலையாத்திக்கு அதே வண்டலும் நன்னீரும் உயிர். ஆறு வராமல் போவதைப் பொத்தாம்பொதுவாகக் கேடு என்பது ஆய்வு ஆகாது. எந்த வாழிடத்துக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு என்று கேட்பதே ஆய்வு.

வடக்குச் சரிவு: புல்லும் வாட்டிலும்

அந்த 'எந்த மாதத்தில்' என்ற கேள்விக்கு மலை சொல்லும் பதில் முக்கியமானது. பழனி மலையின் மேல்தளம் இயற்கையில் புல்வெளியும் சோலைக்காடும் கலந்தது. மடிப்புகளிலும் ஓடைக்கரையிலும் சோலை, மேட்டிலும் சரிவிலும் புல். காட்டை அழித்ததால் வந்த பொட்டல் அல்ல இந்தப் புல்வெளி. நீலகிரியின் சதுப்புக் கரியை ஆராய்ந்து ஆர். சுகுமார் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வகைப் புல்வெளி இருபதாயிரம் ஆண்டு அளவிலான பழமை கொண்டது என்று காட்டியது.

இருந்தும் வனத்துறைக் கணக்கில் புல்வெளி வெற்றிடமாகவே கருதப்பட்டது. அங்கே வாட்டில், பைன், யூகலிப்டஸ் நட்டார்கள். வாட்டில் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பொருள் உண்டு. மலையடியில் திண்டுக்கல் தோல் தொழிலுக்குப் பெயர்போன ஊர். பிறகு குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. வாட்டிலின் தேவை குறைந்தாலும் வாட்டில் குறையவில்லை. அதன் விதை பல ஆண்டுகள் மண்ணில் கிடந்து, தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். தோட்டமாக நட்ட மரம் தோட்டத்தை விட்டுப் புல்வெளிக்குள் இறங்கியது.

எம். அரசுமணி, வி.வி. ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் கள ஆய்வையும் கொண்டு 2018இல் வெளியிட்ட கட்டுரை இந்த மாற்றத்துக்கு எண் தந்தது. நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் 66 விழுக்காடும் சோலையில் 31 விழுக்காடும் போய்விட்டன. ஒருகாலத்தில் மலையில் மிகுதியாக, தொடர்ச்சியாகப் பரந்து கிடந்த புல்வெளி, இன்று மிக அரிதாக, மிகச் சிதறலாக எஞ்சியிருக்கிறது. சோலைதான் அழிந்தது, ஆகவே மரம் நட வேண்டும் என்ற பொதுக் கருத்தை அந்தக் கட்டுரை நேரடியாக மறுத்தது.

இதற்கும் கடற்கரைக்கும் என்ன தொடர்பு? நீலகிரியில் கிளன்மார்கன் பகுதியில், உதகையில் உள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு, பல ஆண்டுகள் ஓடைநீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. புல் மழையை மெதுவாக மண்ணுக்குள் அனுப்பி, மழையில்லா மாதங்களில் ஊற்றாகத் திருப்பித் தருகிறது. வேகமாக வளரும் ஆழவேர் மரம் அந்த ஊற்றை ஆவியாக்கிவிடுகிறது.

அதற்காகப் பிச்சாவரத்து உப்புக்குப் பழனி மலை வாட்டிலைக் குற்றவாளியாக்குவது அபத்தம். காவிரியின் நீரில் இந்தச் சரிவின் பங்கு சிறிது. வழியில் பாலாறு-பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு அணைகள் இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே பாசனம் இருக்கிறது. குடகனாற்று வடிநிலத்தில் தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கியதை ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார் விரிவாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். இத்தனை படிகளில் மலைக்குரிய பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதே நேர்மையான வேலை. மலை குறைத்தது கோடைக்கால ஊற்றை, அணை மறித்தது வெள்ளத்தை, ஆலை கெடுத்தது எஞ்சிய நீரின் தரத்தை. டெல்டாவின் கடைசி மரத்துக்கு வந்துசேருவது இவை மூன்றும் கழிந்த மிச்சம்.

தெற்குச் சரிவு: பாதரசத்தின் வழி

தெற்குச் சரிவின் கதை பலருக்கும் தெரிந்தது. ஆனால் அது தொழிலாளர் உரிமைக் கதையாகவும் நிறுவனப் பொறுப்புக் கதையாகவும் சொல்லப்பட்ட அளவுக்கு நீரியல் கதையாகச் சொல்லப்படவில்லை.

1980களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரிலிருந்து காய்ச்சல்மானித் தொழிற்சாலை ஒன்று கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சூழலியல் இயக்கத்தாரும் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை வெளிக்கொணர்ந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் பாதரசம் கலந்த கழிவும் பொருள்களுமாகச் சுமார் 290 டன் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு கண்டது. பணியாளர் உடல்நலத்துக்குத் தொழிற்சாலை கேடு செய்ததாக அது ஏற்கவில்லை.

அந்தத் தொழிற்சாலை நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். அது மலைமுகட்டில் இருக்கிறது. சுவரைத் தாண்டினால் பாம்பாறு சோலை, உலகில் வேறெங்கும் இல்லாத சில செடிகளின் இருப்பிடம். அங்கே ஊறும் பாம்பாறு தெற்கே இறங்கி, கும்பக்கரை அருவியாக விழுந்து, பெரியகுளம் பக்கம் வராக நதியோடு சேர்ந்து வைகைக்குப் போகிறது. கொடைக்கானல் ஏரியோ தொழிற்சாலைக்கு வடக்கே இருக்கிறது. தண்ணீர் வழியை மட்டும் பார்த்தால் ஏரிக்குப் பாதரசம் வந்திருக்க வேண்டியதில்லை.

வந்திருந்தது. ஐதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் இயங்கும் பொருள் பகுப்பாய்வு மையத்தின் ஆய்வாளர்கள் இதை இரண்டு கட்டமாகக் காட்டினார்கள். முதலில், 2003இல் வெளியான ஆய்வில், மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கனையும் பாசியையும் எடுத்துச் சோதித்தார்கள். லைக்கனுக்கு வேர் கிடையாது. தனக்கு வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. வேண்டாததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, கழிக்கத் தெரியாமல் உடம்பில் தேக்கிவைக்கிறது. கருவி எதுவும் பொருத்தப்படாத ஆண்டுகளுக்கும் அது கணக்கு வைத்திருக்கும். தொழிற்சாலைக்கு அருகே எடுத்த மாதிரிகளில் பாதரசம் மிகுந்திருந்தது. சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் காற்றேறி மலைமுகட்டைத் தாண்டியிருக்கிறது.

இரண்டாவது, 2006இல் வெளியான ஏரி ஆய்வு. கோடை ஏரி என்றும் சொல்லப்படும் கொடைக்கானல் ஏரியோடு பேரிஜம், குக்கல் ஏரிகளையும் ஒப்பிட்டார்கள். கோடை ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. மாசுபடாத நன்னீரில் சில நானோகிராம்தான் இருக்கும். ஏரியடிச் சேற்றிலும் கோடை முதலிடம், பேரிஜம் அடுத்தது, குக்கல் கடைசி. இதைவிட முக்கியம் இன்னொரு எண். சேற்றில் இருந்த பாதரசத்தில் எவ்வளவு மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது என்று பார்த்தபோது, கோடை ஏரியில் ஏறத்தாழ 6 விழுக்காடு, பேரிஜத்தில் 3 முதல் 4, குக்கலில் 2.

இந்த விழுக்காடுதான் உலோகக் கதையை உயிரியல் கதையாக மாற்றுகிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில், சல்ஃபேட்டைக் கொண்டு வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரணப் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மாறியது புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பைவிட்டு எளிதில் போகாது. பாசியில் சிறிது, பாசியைத் தின்னும் புழுவில் கூட, புழுவைத் தின்னும் சிறுமீனில் இன்னும் கூட, சிறுமீனைத் தின்னும் பெருமீனில் மிகக் கூட. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நரம்பு நோய் இந்த ஏணியில் ஏறித்தான் மீனவர் வீடுகளுக்குப் போனது. அது கடல் விரிகுடா. இது மலை ஏரி. சேற்றுக்குள் நடக்கும் வேதியியல் ஒன்றே.

சேற்றுக் கம்பத்தில் காலக்கணக்கு

கழிமுக ஆய்வாளர் ஒருவரிடம் கோடை ஏரியைக் கொடுத்தால் முதலில் செய்வது சேற்றுக் கம்பம் எடுப்பதாகத்தான் இருக்கும். படகிலிருந்து ஒரு குழாயைச் சேற்றுக்குள் நேராக இறக்கி, அடுக்கு கலையாமல் மேலே தூக்கி, சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வில்லை போட்டு அறுப்பார்கள். ஒவ்வொரு வில்லைக்கும் வயது காண ஈயம்-210 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு உதவும். அதன் அரை ஆயுள் சுமார் 22 ஆண்டு. ஆழம் போகப் போக அது குறையும் விதத்திலிருந்து ஆண்டைக் கணிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கப் படிவு உச்சத்தைத் தொட்ட 1963ஐச் சீசியம்-137 காட்டிக்கொடுக்கும். அந்தந்த வில்லையின் பாதரசத்தை அளந்து வயதுக்கு நேராக வைத்தால், எந்த ஆண்டில் எவ்வளவு வந்தது என்பது தெரியும்.

கோடை ஏரி இதற்கென்றே அமைந்தது போன்றது. மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. தூர்வாராத ஒரு மூலையில் கம்பம் இறக்கினால், அடியில் இருப்பது ஏரிக்கு முந்தைய சதுப்பு. அதற்கு மேலே நூற்றைம்பது ஆண்டுச் சேறு. அதற்குள் தொழிற்சாலை ஓடிய ஏறத்தாழ இருபது ஆண்டு ஒரு தனி அடுக்கு. தொழிற்சாலை மூடியபின் பாதரசம் இறங்கியதா, அல்லது சுற்றுமண்ணிலிருந்து இன்னும் கசிகிறதா என்ற கேள்விக்கு நீதிமன்ற வாக்குமூலங்களைவிடத் தெளிவான சாட்சி மேல் அடுக்குகளில் இருக்கிறது.

கண்மாயே கழிமுகம்

இப்போது பாம்பாற்றோடு கீழே இறங்குவோம். பாதரசம் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து போவதில்லை. மட்கிய இலைத்துகளோடும் நுண்களிமண்ணோடும் ஒட்டிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓடை கலங்கி ஓடும்போதுதான் அதன் பயணம். எங்கே ஓட்டம் தணிகிறதோ அங்கே நுண்மண் படியும். உலகின் பல ஆறுகளில் அந்த இடம் கழிமுகம். உப்புநீர் பட்டதும் களிமண் துகள் ஒன்றோடொன்று திரண்டு கீழே இறங்குவதால்தான் கடலோர ஆய்வாளர்கள் உலோகத்தைத் தேடிக் கழிமுகச் சேற்றுக்குப் போகிறார்கள்.

வைகைக்கு இது பொருந்தாது. 1959இல் எழுந்த வைகை அணை, துணையாறுகளின் சிறு அணைகள், மதுரைக்குக் கீழே வரத்துக்கால்களால் கோத்த நூற்றுக்கணக்கான கண்மாய்கள், கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய் என்று ஒவ்வொன்றிலும் நின்று நின்று போகும் ஆறு இது. பெரிய கண்மாய் நிறைந்து மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊருக்கு அருகே கடல். பல ஆண்டுகளில் மிஞ்சுவதே இல்லை. ஆகவே மலையிலிருந்து வரும் நுண்மண்ணின் கழிமுகம், செயலளவில், பெரியகுளத்திலிருந்து ராமநாதபுரம்வரை துண்டு துண்டாகப் பரவிக் கிடக்கிறது.

கண்மாய் இன்னொரு வகையிலும் கவனத்துக்குரியது. மாசியில் தொடங்கி வற்றி, சித்திரையில் உள்வாய் வெடித்து, ஐப்பசியில் மறுபடி நிறையும். காய்ந்த சேறு காற்றோடு பட்டுச் சல்ஃபேட்டைச் சேர்த்துவைக்கும். மறுபடி நீர் மூடியதும் பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. நீர்த்தேக்கங்களிலும் சதுப்புகளிலும் இப்படிக் காய்ந்து நனையும் சுழற்சி மெத்தில் பாதரசத்தைக் கூட்டுகிறது என்பது பிற நாட்டு ஆய்வுகளில் அறியப்பட்டது. அதே கண்மாயில் மீன்பாசிக் குத்தகை விடுகிறார்கள். அதில் பிடிபடும் விரால் சிறுமீனைத் தின்று வளர்வது, அதாவது ஏணியின் மேற்படியில் இருப்பது. வற்றிய கண்மாயின் கரம்பையை வண்டியில் அள்ளி வயலுக்கும் கொட்டுகிறார்கள். கழிமுகத்தில் மீனவரும் நண்டு பிடிப்பவரும் எந்த இடத்தில் நிற்கிறார்களோ, அந்த இடத்தில் இங்கே விவசாயியும் குத்தகைதாரரும் நிற்கிறார்கள்.

கண்மாய் மீனில் பாதரசம் இருக்கிறது என்று பீதி கிளப்ப இதைச் சொல்லவில்லை. தூரமும் வண்டலும் எந்த மாசையும் நீர்க்கச் செய்யும். எங்கே தேட வேண்டும், எந்த மீனில் தேட வேண்டும், எந்த மாதத்தில் தேட வேண்டும் என்பதைக் கடலோர அறிவியல் ஏற்கெனவே கற்றிருக்கிறது. அந்த அறிவு உப்புநீரோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதே சொல்ல வந்தது.

ஆறு வராத விரிகுடா

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலை தணிந்தது. அடித்தளத்தில் கடற்புல் பாய்விரித்திருக்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் கடற்பசு அந்தப் புல்லை மேய்ந்து வாழ்வது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல் முறை.

இங்கே கடற்புல்லுக்கு உடனடி ஆபத்து மலையிலிருந்து வருவதல்ல. அடியைச் சுரண்டும் இழுவைமடி புல்லை வேரோடு பறிக்கிறது. கிளம்பும் சேறு வெளிச்சத்தை மறைக்கிறது. இறால் பண்ணைக் கழிவும் உரநீரும் பாசியைப் பெருக்கிப் புல்லின் இலையை மூடுகின்றன. இவற்றைத் தடுக்கும் வேலை கரையிலேயே இருக்கிறது.

ஆறு வராததன் விளைவு வேறு இடத்தில் தெரியும். வெள்ளம் தள்ளாத முகத்துவாரத்தைக் கடல்மணல் அடைத்துவிடும். மடவை, பால்கெண்டை, இறால் போன்றவை குஞ்சுப் பருவத்தில் கழியின் கலப்பு நீருக்குள் வந்து வளர்ந்து கடலுக்குத் திரும்புபவை. வாய் அடைபட்ட கழியில் நீர் கடலைவிட உப்பாகிவிடும். வர முடிந்த குஞ்சும் தங்காது. இதை எந்த ஆண்டும் பேரிடராக யாரும் அறிவிப்பதில்லை. பாரம்பரிய வலைக்காரரின் பாடு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதாக மட்டும் அது பதிவாகும்.

எந்த அளவுகோல்?

தொழிற்சாலை வளாகத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற வழக்கில் இந்தக் கட்டுரையின் கேள்வி முழு வடிவில் நிற்கிறது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம்வரை விடலாம் என்ற அளவு அதிகாரிகளால் ஏற்கப்பட்டது. அது குடியிருப்பு நிலத்தைக் கருதி வகுத்த அளவு: அந்த மண்ணின் மேல் ஒருவர் வீடு கட்டி வாழ்ந்தால் அவருக்குக் கேடு வருமா என்பதே அதன் கேள்வி. கனடாவில் குடியிருப்பு மண்ணுக்கு 6.6 மில்லிகிராம் வழிகாட்டு அளவு என்பதைச் சுட்டி, 20 அதிகம் என்று சூழலியல் இயக்கத்தார் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் இன்னொரு எண் அதைவிடக் கூர்மையானது. அதே கனடா, நன்னீர் உயிர்களைக் காக்க ஏரி, ஆற்றடிச் சேற்றுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு கிலோவுக்கு 0.17 மில்லிகிராம். இருபதுக்கும் இதற்கும் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இரண்டு எண்ணும் தத்தம் கேள்விக்குச் சரியானவையே. மண்மேல் நிற்கும் மனிதனுக்கு ஒன்று, சேற்றில் வாழும் புழுவுக்கும் அதைத் தின்னும் மீனுக்கும் மற்றொன்று. சமவெளியில் உள்ள ஒரு தொழிற்பேட்டைக்கு முதல் கேள்வி போதும். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும், ஆறு பிறக்கும் செங்குத்துச் சரிவின் தலையில் அது போதாது. அங்கே இன்றைய மண் நாளைய சேறு. எந்த அளவுகோலை எடுப்பது என்பதைத் தீர்மானிக்க, அந்த மண் எங்கே போகும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் ஏற்புறுதி செய்தது. 2013இல் பழனி மலையின் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடலில் தேசியப் பூங்காவும் கடற்பசுப் பாதுகாப்பகமும் இருக்கின்றன. இரண்டு முனையிலும் காவல் இருக்கிறது. நடுவில் இருக்கும் ஆற்றுக்கு இல்லை.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. பாம்பாறு, கும்பக்கரை, வராக நதி சேருமிடம், மதுரைக்குக் கீழே இரண்டு மூன்று கண்மாய், பெரிய கண்மாய், ஆற்றங்கரை முகத்துவாரம் என்று ஒரே கோட்டில் சேறும் மீனும் எடுத்து, மழைக்கு முன்னும் பின்னும் சோதிக்க வேண்டும். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் கடலோரச் சேற்றைப் பார்க்கும் அதே முறையில், அதே அலகில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். வடக்குச் சரிவில் வாட்டிலை வெட்டிய இடத்தில் சோலைக் கன்று நடுவதோடு நிற்காமல், புல்லாக இருந்த இடத்தைப் புல்லாகவே மீட்டு, கோடைக்கால ஊற்றை அளக்க வேண்டும். முடிவுகளை வனத்துறை, நீர்வளத்துறை, மீன்வளத்துறை மூன்றும் ஒரே அட்டவணையில் பார்க்க வேண்டும்.

இதில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. கடலோர மண்டலத்தின் 500 மீட்டரை மலைவரை நீட்டச் சொல்லவும் இல்லை. கட்டடத்துக்கு வகுத்த கோட்டை ஆய்வுக்கும் எல்லையாக எடுத்துக்கொண்ட பழக்கத்தை விட்டால் போதும். கடற்கரைக்கு என்று ஒதுக்கும் ஆய்வு நிதியில் ஒரு பங்கு பெரியகுளத்துக் கண்மாய்ச் சேற்றுக்கும் போகும் நாளில், பிச்சாவரத்தின் உப்புக்கும் ஆற்றங்கரையின் அடைபட்ட வாய்க்கும் பொறுப்பாளிகளை ஊகத்தால் அல்லாமல் அளவால் சொல்ல முடியும்.